கோளக் கொத்துகளின் வெப்ப விண்மீன்கள்: நிறமாலையிலிருந்து வேதி இயைபை அறிவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர் வருகிறது, அங்கே 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. வாணியம்பாடிக்கு வடக்கே ஆந்திர எல்லை. நாட்றம்பள்ளி, குப்பம், சித்தூர் வட்டாரங்களில் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்து, இயற்பியல் பட்டப்படிப்பில் சேரும் மாணவர்கள் காவலூரைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கண்ணுக்கு ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாத விண்மீனில் இரும்பு இவ்வளவு, ஹீலியம் இவ்வளவு என்று எப்படிச் சொல்கிறார்கள்? அந்தக் கேள்விக்கு வெறும் விளக்கமாக அல்லாமல், அவர்களே செய்து பார்க்கக்கூடிய முறையாக இதை எழுதுகிறேன். வழிநெடுக ஒன்றை மறவாதிருக்க வேண்டும்: வெப்ப விண்மீனின் மேற்பரப்பில் நாம் அளக்கும் இயைபு, அது பிறந்தபோது பெற்ற இயைபாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே, “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்பதற்கு முன்பு, “இதன் வெப்பநிலை என்ன?” என்று கேட்க வேண்டும்.

எந்த விண்மீன்களைப் பற்றிப் பேசுகிறோம்

பழைய விண்மீன்கள் பெருந்திரளாக ஈர்ப்பால் பந்துபோலத் திரண்டிருக்கும் கூட்டமே கோளக் கொத்து. நமது பால்வழியில் 150க்கும் மேற்பட்ட கோளக் கொத்துகள் உள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 1000 கோடி முதல் 1300 கோடி ஆண்டுகள். அங்கே சூரியனைவிட நிறை மிகுந்த விண்மீன்கள் எல்லாம் என்றோ எரிந்து முடிந்துவிட்டன. இன்று முதன்மைத் தொடரை, அதாவது மையத்தில் ஹைட்ரஜன் எரியும் நிலையை, விட்டு விலகிக்கொண்டிருப்பவை சூரிய நிறையில் சுமார் 0.8 பங்கு உள்ளவை. இவை செம்பெரு விண்மீனாக வீங்கி, வெளிப்புற வளிமத்தில் ஒரு பகுதியை இழந்து, மையத்தில் ஹீலியம் எரியத் தொடங்கியதும் கிடைக்கிளை எனப்படும் நிலைக்கு வருகின்றன. மைய உள்ளகத்தின் நிறை எல்லாவற்றிலும் ஏறக்குறைய சூரிய நிறையில் பாதிதான். அதன்மேல் போர்த்தியுள்ள ஹைட்ரஜன் உறை எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவுக்கு விண்மீன் வெப்பமாகவும் நீலமாகவும் இருக்கும்.

இந்த வழிகாட்டிக்குரியவை மூன்று வகை. முதலாவது, ஏறத்தாழ 8,000 முதல் 20,000 கெல்வின் வரையுள்ள நீலக் கிடைக்கிளை விண்மீன்கள். இரண்டாவது, அதற்கும் மேலே 30,000 கெல்வினைத் தாண்டிச் செல்லும் அதிவெப்பக் கிடைக்கிளை விண்மீன்கள். மூன்றாவது, உறையை ஏறக்குறைய முழுவதும் இழந்து, வெள்ளைக் குறுமீனாகும் வழியில் மிகக் குறுகிய காலமே பேரொளியுடன் நிற்கும் விண்மீன்கள். இவை ஒரு கொத்தில் ஒன்றிரண்டு இருந்தாலே பெரிது. எம் 13 கொத்தின் பர்னார்ட் 29, ஒமேகா சென்டாரியின் ஆர்ஓஏ 5701, எம் 15 கொத்தின் கே 648 ஆகியவை மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. (எம், என்ஜிசி என்று தொடங்குபவை வான்பொருள் பட்டியல்களில் உள்ள எண்கள்.)

முதல் படி: கொத்தையும் விண்மீனையும் தேர்ந்தெடுத்தல்

நம் பகுதியின் அகலாங்கு ஏறத்தாழ 12.6 பாகை வடக்கு என்பது இதில் ஒரு பேறு. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து எழவே எழாத ஒமேகா சென்டாரி, நமக்குத் தெற்கே 30 பாகை உயரம் வரை வருகிறது; மே மாத நடுவில் இரவு பத்து மணியளவில் அது உச்சியைக் கடக்கும். வடவான் கொத்தான எம் 13 இங்கே 66 பாகை உயரத்தில் கடக்கிறது. எம் 15 ஏறக்குறைய தலைக்கு நேர் மேலேயே வந்துவிடுகிறது. தென்வானின் என்ஜிசி 6752 மட்டும் 17 பாகை உயரமே எழுவதால், தடித்த காற்றடுக்கு வழியாகத்தான் அதைப் பார்க்க முடியும். ஊர் வெளிச்சம் இல்லாத மலைச்சரிவில் ஒமேகா சென்டாரி வெறுங்கண்ணுக்கே மங்கிய புகைத்திட்டாகத் தெரியும். எந்தப் பொருளை ஆராய்கிறோம் என்பதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம்.

கொத்துக்குள் வெப்ப விண்மீனைக் கண்டுபிடிக்கப் புற ஊதாப் படமே சிறந்த வழி. சாதாரண ஒளியில் செம்பெரு விண்மீன்களின் கூட்டம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். புற ஊதாவில் அவை மங்கிவிட, வெப்ப விண்மீன்கள் மட்டும் தனித்து நிற்கும். இதற்கென்றே பயன்படும் கருவி ஒன்று நம் பக்கத்திலிருந்துதான் விண்ணுக்குப் போனது. பழவேற்காடு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கி, 28 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) அகலமுள்ள வான்பரப்பை 2 விகலைக்கும் (கலையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு விகலை) நுட்பமான பகுதிறனோடு படம்பிடித்தது. நெருக்கமான கோளக் கொத்தின் நடுப்பகுதியில்கூட விண்மீன்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காண அது உதவியது. அதன் தரவுகள் பொதுவில் கிடைக்கின்றன.

தேர்ந்தெடுத்த விண்மீன் கொத்தைச் சேர்ந்ததுதானா, அல்லது வழியில் குறுக்கிடும் வேறொன்றா என்று சரிபார்க்க வேண்டும். காயா விண்கலம் அளந்த சொந்த இயக்கங்கள், அதாவது வானில் விண்மீன் மெல்ல இடம்பெயரும் அளவுகள், இதற்கு முதல் சான்று. நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ செல்லும் வேகமான ஆரத்திசைவேகம் இரண்டாவது சான்று. எம் 13 நம்மை நோக்கி நொடிக்குச் சுமார் 244 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. நிறமாலையில் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளங்களில் ஒளியை உட்கவர்ந்து கருங்கோடுகளை உண்டாக்கும்; அலைநீளத்தை ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) என்ற அலகில் சொல்வோம். ஆகவே 4481 ஆங்ஸ்ட்ராமில் இருக்க வேண்டிய கோடு, 3.6 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நீலப்பக்கம் நகர்ந்திருக்கும். ஒமேகா சென்டாரியோ நொடிக்கு 232 கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் செல்கிறது. அங்கே கோடுகள் ஏறக்குறைய அதே அளவுக்குச் சிவப்புப் பக்கம் நகரும். இந்தப் பெரிய நகர்வு இன்னொரு வகையிலும் துணைசெய்கிறது: விண்மீன்களுக்கு இடையிலுள்ள வளிமம் உண்டாக்கும் சோடியக் கோடு, விண்மீனின் சோடியக் கோட்டோடு கலவாமல் விலகி நிற்கும். நொடிக்கு 26 கிலோமீட்டர் வேகமே உள்ள என்ஜிசி 6752இல் இந்த வசதி இல்லை.

இரண்டாம் படி: நிறமாலையைப் பெறுதல்

இதில் நீண்ட பேச்சு தேவையில்லை. 13-ஆம் ஒளித்தர (எண் கூடக்கூட மங்கல்) விண்மீனான பர்னார்ட் 29 இந்த வகையில் பிரகாசமானவற்றுள் ஒன்று. கிடைக்கிளை விண்மீன்கள் அதைவிட மங்கலானவை. தனிமங்களைத் துல்லியமாக அளக்க உயர் பகுதிறன் தேவை என்பதால், எம் 13இன் கிடைக்கிளையை ஹவாயிலுள்ள 10 மீட்டர் கெக் தொலைநோக்கியும், என்ஜிசி 6752ஐச் சிலி நாட்டிலுள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கிகளும் ஆராய்ந்தன. மாணவர்கள் புதிதாக நேரம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். ஐரோப்பியத் தென்வான் ஆய்வகத்தின் ஆவணக்காப்பகத்திலும் ஹபிள் தொலைநோக்கியின் ஆவணக்காப்பகத்திலும் பழைய நிறமாலைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கையிலெடுத்ததும், தொடர்நிறமாலையின் (கோடுகள் இல்லாத இடங்களில் தெரியும் ஒளியின்) மட்டத்தை ஒன்றாகச் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். கடின வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்றாம் படி: வெப்பநிலையும் மேற்பரப்பு ஈர்ப்பும்

குளிர்ந்த விண்மீனுக்கு நிறத்தை வைத்தே வெப்பநிலையைச் சொல்லிவிடலாம். 10,000 கெல்வினுக்கு மேல் அது நடவாது. அங்கே கண்ணுக்குப் புலனாகும் ஒளி, ஆற்றல் வளைவின் வால்பகுதியில் விழுவதால், 15,000 கெல்வினும் 25,000 கெல்வினும் நிறத்தில் கொஞ்சமே வேறுபடும். எனவே ஹைட்ரஜனின் பாமர் கோடுகளையே நம்ப வேண்டும்: 4861, 4340, 4101 ஆங்ஸ்ட்ராம்களில் உள்ளவற்றை. அவற்றின் அகன்ற இறக்கைகள் அழுத்தத்தைக் காட்டும். அழுத்தம் ஈர்ப்பைக் காட்டும். ஏறத்தாழ 10,000 கெல்வினுக்கு மேலே வெப்பநிலை கூடக்கூட இக்கோடுகள் மெலியும். ஈர்ப்பு கூடினால் அகலும். ஆகவே ஒரு கோட்டை மட்டும் வைத்துப் பார்த்தால், குறைந்த வெப்பமும் குறைந்த ஈர்ப்பும் ஒரு விடையாகவும், மிகுந்த வெப்பமும் மிகுந்த ஈர்ப்பும் இன்னொரு விடையாகவும் பொருந்திவிடும். இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பல பாமர் கோடுகளை ஒருசேரப் பொருத்துவதும், புற ஊதாப் பொலிவைச் சேர்த்துக்கொள்வதும், வெப்பமான விண்மீனில் சிலிக்கானின் இரு அயனிநிலைக் கோடுகள் ஒரே அளவு சிலிக்கானைத் தருகின்றனவா என்று பார்ப்பதும் வழிகள். இரண்டு அயனிநிலைகளின் விகிதம் வெப்பநிலையையும் அடர்த்தியையும் சார்ந்தது என்பதை மேகநாத் சாகா 1920இல் சமன்பாடாகத் தந்தார். விண்மீன்களின் நிறமாலையிலிருந்து வேதியியலைப் படிக்கும் கலை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

எதிர்பார்க்க வேண்டிய எண்கள்: பர்னார்ட் 29க்கு ஏறத்தாழ 21,000 கெல்வின், ஈர்ப்பின் மடக்கை (ஈர்ப்பு முடுக்கத்தைச் சென்டிமீட்டர்-நொடி அலகில் எழுதி எடுக்கும் 10-அடி மடக்கை) 3.1. அதே வெப்பநிலையுள்ள கிடைக்கிளை விண்மீனுக்கு ஈர்ப்பு மடக்கை 5ஐ நெருங்கும். இரண்டின் பாமர் கோடுகளையும் ஒரே படத்தில் போட்டுப் பார்த்தால், ஒன்று கூர்மையான வெட்டாகவும் மற்றொன்று அகன்ற பள்ளமாகவும் தெரியும்; குழப்பத்திற்கே இடமிராது.

இந்தக் கட்டத்தில் ஒரு சரிபார்ப்பை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. கொத்தின் தொலைவு தெரியும் என்பதால் விண்மீனின் ஒளிர்வு தெரியும். ஒளிர்வும் வெப்பநிலையும் ஆரத்தைத் தரும். ஆரமும் ஈர்ப்பும் நிறையைத் தரும். வெப்பமான கிடைக்கிளை விண்மீனுக்கு அந்த நிறை சூரியனில் பாதியை ஒட்டி வர வேண்டும். ஈர்ப்பின் மடக்கையில் 0.2 பிழை நேர்ந்தால் நிறையில் 1.6 மடங்கு பிழை நேரும் என்பதால், இது மிகக் கூர்மையான சோதனை. 12,000க்கும் 20,000க்கும் இடைப்பட்ட விண்மீன்களில் நெடுங்காலம் நிறை மிகக் குறைவாகவே வந்துகொண்டிருந்தது. கொத்தின் குறைந்த உலோக அளவையே (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் எல்லாம் உலோகம்) மாதிரி வளிமண்டலத்துக்கும், அதாவது கணினியில் கணித்த விண்மீன் மேலடுக்குக்கும், எடுத்துக்கொண்டது இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. உலோகம் மிகுந்த மாதிரியைப் போட்டதும் இடைவெளியின் பெரும்பகுதி மறைந்தது. அதாவது இயைபு தெரியாமல் ஈர்ப்பு கிடைக்காது. ஈர்ப்பு தெரியாமல் இயைபு கிடைக்காது. எனவே மூன்றாம் படியையும் அடுத்த படியையும் மாறிமாறிச் செய்ய வேண்டியிருக்கும்.

நான்காம் படி: கோடுகளை அளத்தல்

நிறமாலையில் 4471 ஆங்ஸ்ட்ராமில் ஹீலியத்தின் கோடும், பத்து ஆங்ஸ்ட்ராம் தள்ளி 4481இல் அயனியான மக்னீசியத்தின் கோடும் இருக்கின்றன. எந்தக் கணக்கும் போடுவதற்கு முன்பே இந்த இரண்டையும் உற்றுப் பாருங்கள். 13,000 கெல்வினில் இயல்பான இயைபுள்ள விண்மீன் என்றால் ஹீலியக் கோடு நன்கு ஆழமாகத் தெரிய வேண்டும். கோளக் கொத்தின் கிடைக்கிளை விண்மீனிலோ, மக்னீசியம் தன் இடத்தில் தெளிவாக இருக்க, ஹீலியம் இருக்க வேண்டிய இடத்தில் சிறு சுருக்கம் மட்டும் தெரியும். அதைத் தாண்டி 4233, 4583 ஆங்ஸ்ட்ராம்களுக்குப் போனால், உலோகம் குறைந்த கொத்தின் விண்மீனில் மங்கலாக இருக்க வேண்டிய இரும்புக் கோடுகள் கூர்மையாக, ஆழமாக நிற்கும். இந்த மூன்று இடங்களே இந்தத் துறையின் முக்கியக் கதையைச் சொல்லிவிடுகின்றன.

அளக்கும்போது ஒவ்வொரு கோடும் தொடர்நிறமாலையிலிருந்து எடுத்த பரப்பை, அதற்குச் சமமான செவ்வகத்தின் அகலமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய கோடுகளில் இந்த அகலம் அணுக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் கூடும். ஆழமான கோடு நிறைவடைந்துவிடுவதால், அதன் அகலம் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லாது. எனவே ஒரு தனிமத்துக்கு ஒரு வலுவான கோட்டைவிட ஐந்தாறு மெல்லிய கோடுகள் மேல். கோடுகள் சுழற்சியால் அகன்று கலந்துவிட்டால், தனித்தனியே அளக்காமல் செயற்கை நிறமாலையைக் கணித்து முழுவதையும் பொருத்த வேண்டும். 20,000 கெல்வினை ஒட்டியுள்ள விண்மீனில் கார்பனுக்கு 4267, நைட்ரஜனுக்கு 3995, சிலிக்கானுக்கு 4552 முதல் 4574 வரையுள்ள மூன்று கோடுகள், ஆக்சிஜனுக்கு 4649ஐச் சுற்றியுள்ளவை ஆகியவற்றைத் தேடலாம். அந்த வெப்பநிலையில் இரும்புக்குக் கண்ணுறு ஒளியில் நம்பத்தக்க கோடு அரிது. ஹபிள் தந்த 1900 ஆங்ஸ்ட்ராம் பகுதிக்குத்தான் போக வேண்டும்.

ஐந்தாம் படி: அகலத்தை அளவாக மாற்றுதல்

இதற்கு மாதிரி வளிமண்டலம் வேண்டும். 20,000 கெல்வினுக்குக் கீழே குரூட்ஸ் உருவாக்கிய அட்லஸ் நிரல் பெரும்பாலும் போதும். அதற்கு மேலும், ஈர்ப்பு குறைந்த விண்மீன்களிலும், அணுக்களின் நிலைகளை அந்தந்த இடத்து வெப்பநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. பாய்ந்து வரும் ஒளியே தீர்மானிக்கிறது. அங்கே ஹூபெனியும் லான்ஸும் எழுதிய டிளஸ்டி போன்ற நிரல்களைப் பயன்படுத்த வேண்டும். ஆக்சிஜனின் 7771 முதல் 7775 வரையுள்ள கோடுகளையும் ஹீலியத்தின் 5876 கோட்டையும் இந்தத் திருத்தம் இல்லாமல் வைத்துக்கொள்ளவே கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

விடையை எழுதும் முறை: ஒரு லட்சம் கோடி ஹைட்ரஜன் அணுக்களுக்கு எத்தனை அணுக்கள் என்பதன் மடக்கை. அதில் ஹைட்ரஜன் 12. சூரியனின் இரும்பு 7.5. எம் 13இல் இரும்பு சூரியனைவிட மடக்கையில் 1.5 குறைவு என்பதால், அங்கே இயல்பான இரும்பு அளவு 6.0. இந்த எண்ணைத் தாளின் மேல் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம்.

ஆறாம் படி: விடையைப் படித்தல்

வழிகாட்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எம் 13இன் கிடைக்கிளை விண்மீன்களை வெப்பநிலை வரிசையில் அடுக்கினால், 11,500 கெல்வினுக்குக் கீழே உள்ளவற்றில் இரும்பு 6.0ஐ ஒட்டியே இருக்கும். அந்த எல்லையைத் தாண்டியதும் இரும்பு திடீரென்று 7.5க்குத் தாவி, சிலவற்றில் சூரியனைவிட மூன்று மடங்கு வரை போகும். கொத்தின் அளவோடு ஒப்பிட்டால் 30 முதல் 100 மடங்கு மிகுதி. டைட்டேனியம், குரோமியம், பாஸ்பரஸ் ஆகியவையும் மிகுகின்றன. மக்னீசியம் ஏறக்குறைய அசையாது. ஹீலியமோ, பத்தில் ஒரு பங்காகவும் நூறில் ஒரு பங்காகவும் சரிகிறது. 1999இல் வெளிவந்த கெக் அளவீடுகள் இதைத் தெளிவாகக் காட்டின. அதே ஆண்டு, பல கொத்துகளின் புற ஊதாப் பொலிவிலும் அதே வெப்பநிலையில் ஒரு தாவல் இருப்பது வெளிப்பட்டது. ஒரே கொத்தில் ஒரே மேகத்திலிருந்து பிறந்த விண்மீன்கள் சிலவற்றில் மட்டும் நூறு மடங்கு இரும்பு எங்கிருந்து வரும்? எங்கிருந்தும் வரவில்லை. விண்மீனுக்குள்ளேயே இருந்த இரும்பு மேலே ஏறியிருக்கிறது.

நெல்லைத் தூற்றும்போது காற்றை ஏந்திக்கொள்ளும் பதர் விலகிப் போவதையும், ஏந்தாத மணி நேரே கீழே விழுவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே காற்றாக இருப்பது உள்ளிருந்து வரும் ஒளி. இரும்புக்கு ஆயிரக்கணக்கான உட்கவர் கோடுகள் இருப்பதால் அது ஒளியைப் பிடித்து மேலே தள்ளப்படுகிறது. அந்த ஒளியில் ஹீலியம் பிடிக்கக்கூடியது குறைவாகையால், ஈர்ப்புக்கு உட்பட்டு மூழ்குகிறது. இத்தகைய விளைவு இந்த விண்மீன்களில் தோன்றும் என்று வானியலாளர்கள் மிஷோவும் வோக்ளேர் இணையரும் 1983இலேயே கணித்திருந்தார்கள். கிடைக்கிளையில் ஒரு விண்மீன் தங்கும் சுமார் 10 கோடி ஆண்டுகள் இதற்குத் தாராளம்.

அப்படியானால் 11,500 கெல்வினுக்குக் கீழே ஏன் இது நடக்கவில்லை? வளிமம் அமைதியாக இருந்தால்தான் பிரிதல் நடக்கும். குளிர்ந்த பக்கத்து விண்மீன்களில் மேற்பரப்பை ஒட்டிய கொதிப்போட்டமும், சுழற்சி உண்டாக்கும் உள்ளோட்டமும் எல்லாவற்றையும் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. சுழற்சி அளவீடு இதற்குப் பொருந்துகிறது: குளிர்ந்த பக்கத்தில் சில விண்மீன்கள் நொடிக்கு 40 கிலோமீட்டர் வேகம் வரை சுழல்கின்றன, வெப்பமான பக்கத்தில் வேகம் 10 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே அளவுப் பட்டியலில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் சுழற்சி வேகத்தையும் ஒரு நெடுவரிசையாக எழுத வேண்டும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. கொத்தின் பிறப்பு வேதியியலை அறிய விரும்பினால், 8,000க்கும் 11,500க்கும் இடைப்பட்ட விண்மீன்களை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். கோளக் கொத்துகளில் சோடியம் மிகுந்து ஆக்சிஜன் குறைந்த தலைமுறை ஒன்றும், அதற்கு மாறான தலைமுறை ஒன்றும் கலந்திருப்பது இன்று உறுதியான செய்தி. எம் 4இல் சிவந்த கிடைக்கிளை விண்மீன்கள் சோடியம் குறைந்தவையாகவும், நீலக் கிடைக்கிளை விண்மீன்கள் சோடியம் மிகுந்தவையாகவும் இருப்பது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஹீலியக் கோடு ஓரளவாவது தோன்றி, அதே நேரத்தில் ஹீலியம் இன்னும் மூழ்காமல் இருக்கும் குறுகிய இடமும் இதற்குள் 8,500 முதல் 11,500 வரையுள்ள பகுதிதான். 5876 கோட்டை வைத்து என்ஜிசி 2808இன் நீலக் கிடைக்கிளையில் நிறைப்படி 34 விழுக்காடு அளவுக்கு ஹீலியம் மிகுந்திருப்பதை இந்தப் பகுதியிலிருந்துதான் அறிந்தார்கள். பெருவெடிப்பு தந்த அளவு சுமார் 25 விழுக்காடு.

ஏழாம் படி: பேரொளி விண்மீன்களுக்கு வேறு கேள்விகள்

பர்னார்ட் 29 போன்றவற்றில் ஈர்ப்பு குறைவு, அந்த நிலையில் நிற்பதும் குறுகிய காலமே. கிடைக்கிளையில் நடப்பதுபோன்ற பிரிதல் அங்கே மேலோங்குவதில்லை. மேற்பரப்பு, விண்மீன் கடந்து வந்த உட்கலப்புகளைச் சொல்கிறது. பர்னார்ட் 29இல் கார்பன் குறைவு, நைட்ரஜன் மிகுதி: ஹைட்ரஜன் எரிந்த சாம்பல் மேலே வந்திருக்கிறது, ஹீலியம் எரிந்த கார்பன் வரவில்லை. ஆகவே கார்பனை அள்ளிவரும் கட்டத்தை எட்டுமுன்பே அது வெளியேறிவிட்டது. எம் 15இன் கே 648 இதற்கு நேர்மாறு. 1928இல் பீஸ் கண்டறிந்த, கோளக் கொத்துக்குள் இருக்கும் அந்தக் கோள்வடிவ நெபுலாவின் (விண்மீன் உதறிய உறை ஒளிரும் வளிமக் கூட்டின்) நடுவிண்மீன் ஏறத்தாழ 39,000 கெல்வினில் கார்பன் மிகுந்து நிற்கிறது. எம் 15இல் தனித்த விண்மீனுக்கு இந்த நிலையை எட்டத் தேவையான நிறை இருக்க வாய்ப்பு குறைவு என்பதால், இரண்டு விண்மீன்கள் இணைந்து உருவானதாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

இந்த வகையில் இரும்பு மட்டும் குறைந்து காணப்பட்டால் உடனே முடிவுக்கு வரக்கூடாது. இரும்பு தூசியாக உறைந்து, தூசி வெளியே தள்ளப்பட்டு, எஞ்சிய வளிமம் விண்மீன்மேல் திரும்ப விழுந்திருக்கலாம். கொத்துக்கு வெளியே உள்ள ஹெச்ஆர் 4049 என்ற விண்மீனில் இது உச்ச அளவில் நடந்திருக்கிறது. சோதிக்கும் வழி எளிது: தூசியாக எளிதில் உறையாத கந்தகம் இயல்பாக இருக்க, இரும்பு மட்டும் குறைந்திருந்தால் அது தூசியின் வேலை, இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் வெப்பநிலையை மறுபடி கணக்கிட வேண்டும்.

ஒமேகா சென்டாரியிலும் என்ஜிசி 2808இலும் 35,000 கெல்வினை ஒட்டிக் கொக்கிபோல வளைந்து நிற்கும் விண்மீன்கள் இன்னொரு வகை. ஹீலியம் எரியத் தொடங்குவதற்குள் உறையை இழந்துவிட்டு, வெள்ளைக் குறுமீனாகச் சுருங்கும் வழியில் தாமதமாகப் பற்றிக்கொண்டவை இவை. அந்தப் பற்றுதலில் எஞ்சிய ஹைட்ரஜன் உள்ளே இழுக்கப்பட, ஹீலியமும் கார்பனும் மேலே வருகின்றன. ஒமேகா சென்டாரியில் ஹீலியம் கூடும் விண்மீன்களில் கார்பனும் சேர்ந்து கூடுவது இதற்கு நல்ல சான்று. இவற்றில் 4686 ஆங்ஸ்ட்ராமில் அயனியான ஹீலியத்தின் கோட்டைத் தேடுங்கள்.

பிழைகளைக் கணக்கிடுதல்

வெப்பநிலையை மேலும் கீழும் 500 கெல்வின் மாற்றி, ஈர்ப்பு மடக்கையை 0.1 மாற்றி, நுண்கொந்தளிப்பு (வளிமத்தின் சிற்றளவுக் குழப்ப அசைவு) வேகத்தை நொடிக்கு ஒரு கிலோமீட்டர் மாற்றி, ஒவ்வொரு முறையும் எல்லாத் தனிமங்களையும் திரும்பக் கணக்கிட்டு எழுத வேண்டும். 11,500க்கு மேலுள்ள அமைதியான வளிமண்டலங்களில் நுண்கொந்தளிப்பைச் சுழியமாகவே தொடங்கலாம். தனிமங்கள் ஆழத்துக்கு ஏற்ப அடுக்கடுக்காக நிற்பதால், ஒரே தனிமத்தின் மெல்லிய கோடும் வலுவான கோடும் வெவ்வேறு அளவு தருவதும் உண்டு. அதைச் சராசரியில் கரைத்துவிடாமல் தனியே குறித்து வைக்க வேண்டும். முதன்முறை செய்பவர்கள் என்ஜிசி 6752இன் 9,000 கெல்வின் விண்மீன் ஒன்றையும் 14,000 கெல்வின் விண்மீன் ஒன்றையும் எடுத்து, இரண்டிலும் மக்னீசியம், இரும்பு, ஹீலியம் மூன்றை மட்டும் அளந்து, கொத்தின் செம்பெரு விண்மீன்களின் அளவுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஒரு பருவ விடுமுறைக்கு அந்த வேலை போதும்.